மூன்றாவது வளைவின் கண்ணாடி

நான் ஒரு பொய் சொன்னேன். இரண்டே சொற்கள்: "இல்ல சார்." அதனால் ஒரு கொத்தனாருக்குக் கிடைக்கவிருந்த நிரந்தர வேலை போயிற்று. அவர் தன் கையால் கட்டிய கூரை ஒன்று இடிக்கப்பட்டது. கூரையில் குறையில்லை என்பதும், அவர் சொன்னதுதான் உண்மை என்பதும் பொய் சொன்ன அந்த நேரத்திலேயே எனக்குத் தெரியும். அப்போது எனக்கு வயது இருபத்து மூன்று. இப்போது அறுபத்தொன்பது. சென்ற ஆண்டுவரை இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. என் மனைவி இறக்கும்வரை அவளிடமும் சொல்லவில்லை.

நெய்வேலி நகரியத்தில் உள்ள ஒரு கல்லூரியின் விடுதிக் கட்டடம் அது. நகரியம் எழும்பிய தொடக்க ஆண்டுகளிலேயே கட்டியது. படித்து முடித்ததும் அந்தக் கல்லூரியின் கட்டடப் பராமரிப்புப் பிரிவில் இளநிலைப் பொறியாளராகச் சேர்ந்தேன். சொந்த ஊர் தெற்கே, இரவு முழுக்கப் பயணம் செய்தால்தான் போய்ச் சேர முடியும். அதனால் விடுதியிலேயே ஓர் அறை கொடுத்திருந்தார்கள். மாணவர்களோடு மாணவனாக அங்கே இரண்டு ஆண்டுகள் இருந்தேன்.

இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தக் கட்டடத்தைக் கோடு பிசகாமல் வரைந்துவிடுவேன். மூன்று நீண்ட செங்கல் கட்டடங்கள், நடுவில் இரண்டு முற்றங்கள், மூன்றையும் சேர்க்கும் ஒரு நடைக்கூடம். நடைக்கூடத்தின் மேற்குச் சுவரை ஒரு கல் வைத்து ஒரு கல் இடம் விட்டுக் கட்டியிருந்தார்கள். அந்தத் துளைகள் வழியே நாள் முழுவதும் காற்று வரும். சாயங்காலம் வெயில் சதுரம் சதுரமாகத் தரையில் விழுந்து, எதிர்ச் சுவரில் ஏறி, மறையும். வெளிச்சுவர்களுக்குப் பூச்சு கிடையாது. மின் நிலையத்துச் சாம்பல் படிந்து சாம்பல் நிறமாகிவிடும் செங்கல், ஒரு நல்ல மழை பெய்தால் போதும், சூளையிலிருந்து அன்றுதான் எடுத்ததுபோல் சிவந்துவிடும். மழை விட்ட காலையில் மாணவர்கள் வகுப்புக்குப் போகும்போது அந்தச் சுவரைத் தடவிக்கொண்டே போவதைப் பார்த்திருக்கிறேன். நானும் தடவியிருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது சாப்பாட்டுக் கூடம். அந்தக் காலத்தில் கம்பியும் சிமெண்டும் கிடைப்பது அரிது. கிடைத்ததெல்லாம் சுரங்கத்துக்கும் மின் நிலையத்துக்கும் போயின. விடுதியைத் திட்டமிட்டவர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கூடத்தின் கூரையில் ஒரு கம்பிகூட இல்லை. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு ஐந்து வளைவுகள். நெடுக்காகப் பிளந்த பீப்பாய்களை ஒன்றை அடுத்து ஒன்றாகக் கவிழ்த்து வைத்ததுபோல் இருக்கும். உள்பக்கம் மட்டும் வெள்ளைப் பூச்சு. இருநூறு பேர் ஒரே நேரத்தில் சாப்பிட்டுப் பேசும் சத்தம் அந்த வளைவுகளில் மோதித் திரும்பி ஒரே முழக்கமாக நிற்கும். மே மாதத்திலும் உள்ளே குளிர்ச்சி. என்னைப் பார்க்க வந்த என் அப்பா முதலில் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

அந்த வளைவுகளைக் கட்டியவர்களில் ஒருவர், நான் சேர்ந்தபோது எங்கள் பிரிவில் ஒப்பந்தக் கொத்தனாராக இருந்தார். கம்மாபுரம் பக்கத்துக் கிராமம். அவர் குடும்பத்துக்கு ஒரு சென்ட் நிலமும் கிடையாது. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் கூலி வேலை. விடுதி கட்டும்போது பதினேழு வயதில் கல் சுமக்க வந்தவர், கரண்டி பிடிக்கக் கற்று, மூன்றாவது வளைவின் உச்சியில் கடைசிக் கல்லை வைக்கும் அளவுக்கு வந்துவிட்டார். அவரோடு கல் சுமந்த சித்தாளையே கல்யாணமும் செய்துகொண்டார்.

வளைவு கட்டியவர்களிடம் ஒரு வழக்கம் இருந்ததாம். காரை இறுகியபின் அடியிலிருக்கும் மரச் சாரத்தைப் பிரிக்கும்போது, கடைசிக் கல் வைத்தவன் வளைவுக்கு நேர் கீழே நிற்க வேண்டும்.

"பயமா இல்லியா?" என்று கேட்டேன்.

"பயமில்லாம இருக்குங்களா? எங்கூட்டுக்காரி அந்தாண்ட நின்னுகினு அழுவுறா. அப்ப அவ எங்கூட்டுக்காரி கெடையாது. அழுதாளா, செரி இவளயே கட்டிக்குவோம்னு அங்கியே முடிவு பண்ணிட்டேன்."

நான் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் மூன்றாவது வளைவின் உள்பூச்சில் ஒரு விரிசல் தெரிந்தது. நீளவாக்கில், தலைமுடி கனத்தில். சுரங்கத்தில் வெடி வைக்கும்போதெல்லாம் விடுதி ஜன்னல்கள் லேசாக அதிரும். அதனால் விடுதிக் காப்பாளருக்குப் பயம் வந்துவிட்டது. எங்கள் பெரிய பொறியாளர் வந்து பார்த்தார். கண்ணாடி ஒட்டச் சொன்னார்.

அது எங்கள் தொழிலில் பழைய முறை. விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடிப் பட்டையை வைத்து, இரு முனைகளையும் சிமெண்டால் ஒட்டி, ஈரச் சிமெண்டில் தேதியைக் கீறிவிடுவோம். சுவர் ஒரு மயிரிழை அசைந்தாலும் கண்ணாடி இரண்டாகிவிடும். மூன்று மாதம் உடையாமல் இருந்தால் அது உறங்கும் விரிசல், பூசிவிட்டுப் போகலாம். கல்லூரி ஆய்வகத்தில் நுண்ணோக்கிக்கு வைக்கும் கண்ணாடித் துண்டுகளை வாங்கி, ஒப்பிட்டுப் பார்க்க மற்ற நான்கிலும் சேர்த்து, வளைவுக்கு ஒன்றாக ஐந்து ஒட்டினோம். திங்கட்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு, கூடம் காலியாக இருக்கும்போது, ஏணியில் ஏறி ஐந்தையும் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். பதின்மூன்று திங்கட்கிழமைகள். பொறுப்பு என்னுடையது. ஏணி கொண்டுவர வேண்டியது கொத்தனார்.

அந்த நேரத்தில்தான் ஒப்பந்தக் கொத்தனார்களில் மூவரை நிரந்தரமாக்கக் கல்லூரி முடிவு செய்திருந்தது. பட்டியலில் அவர் பெயர் முதலில் இருந்தது. "அந்த வளைவு விவகாரம் முடியட்டும், மூணு பேருக்கும் சேர்த்து ஆர்டர் போட்டுடலாம்" என்று பெரிய பொறியாளர் சொல்லியிருந்தார். நிரந்தரம் என்றால் நகரியத்தில் குவார்ட்டர்ஸ், மருத்துவமனை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். நகரியத்துக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் நடுவில் நின்ற வேலியை ஒரு குடும்பம் தாண்டுவதற்கு அந்த ஒரு சொல்தான் வழி.

நான் அந்தத் திங்கட்கிழமைகளில் பெரும்பாலும் விடுதியிலேயே இல்லை. சென்னையில் வேறு வேலைக்கான பரீட்சைக்கு ஞாயிறுதோறும் வகுப்பு. திங்கள் மத்தியானத்துக்குத்தான் பேருந்து என்னைக் கொண்டுவந்து இறக்கும். அறைக்கு வந்து, பதிவேட்டைத் திறந்து, "ஐந்தும் நல்ல நிலையில்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். கூடத்துப் பக்கம்கூடப் போகமாட்டேன்.

கொத்தனார் ஒரு வாரமும் தவறவில்லை. பத்து மணிக்கு ஏணியைத் தூக்கி வருவார், எனக்காகக் கொஞ்ச நேரம் காத்திருப்பார், பிறகு தானே ஏறிப் பார்த்துவிடுவார். மத்தியானம் என்னைக் கண்டதும், "அஞ்சும் நல்லா இருக்குதுங்க சார்" என்பார். அவருக்கு எழுதத் தெரியாது. நான் பார்க்காமல் எழுதினேன்; பார்த்த அவரால் எழுத முடியவில்லை.

பதின்மூன்றாம் திங்கட்கிழமை நான் விடுதியிலேயே இருந்தேன். மறுநாள் பெரிய பொறியாளர் வந்து முடிவு சொல்வதாக இருந்தார். கூடத்துக்குப் போகும்முன் அறையிலேயே, பன்னிரண்டு வாரப் பழக்கத்தில், "ஐந்தும் நல்ல நிலையில்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

கூடத்துத் தரையை அப்போதுதான் கழுவிவிட்டிருந்தார்கள்.

"சார், தரை ஈரமா கீது. ஒரு சாக்கு கொண்டாந்து போட்டுட்டு ஏணிய வெக்கிறேன். செத்த நேரம் நில்லுங்க" என்று கொத்தனார் வெளியே போனார்.

நிற்கப் பொறுமை இல்லை. மூங்கில் ஏணியை நானே தூக்கி நிறுத்தினேன். அடி வழுக்கியது. மேல்முனை வளைவைத் தேய்த்துக்கொண்டு போய் மூன்றாவது கண்ணாடியில் இடித்தது. சின்னச் சத்தம்தான். ஒரு துண்டு கீழே விழுந்தது. இன்னொன்று சிமெண்டிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

சாக்கோடு வாசலில் நின்ற கொத்தனார் பார்த்துவிட்டார். அவருக்குச் சிரிப்பு வந்தது.

"பதிமூணு வாரம் சொரங்கத்து வெடியால ஒடைக்க முடியில. நீங்க ஒரே இடியில ஒடச்சிட்டீங்களே சார்! செரி உடுங்க. ஏணி பட்டு ஒடஞ்சிதுன்னு நோட்டுல எழுதிடுங்க. நாளைக்கி பெரியவரு வந்தா நானும் சொல்றேன்."

எழுதியிருக்கலாம். ஒரே வரி. ஆனால் அன்றைய தேதியில் "ஐந்தும் நல்ல நிலையில்" என்று ஏற்கெனவே எழுதியிருந்தேன். அதை அடித்தால், கூடத்துக்கு வராமலேயே எழுதியது தெரிந்துவிடும் என்று பயந்தேன். என்னுடைய தகுதிகாண் காலம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. நாளை வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று பதிவேட்டை மூடிவிட்டேன்.

மறுநாள் பெரிய பொறியாளர் கூடத்துக்குள் வந்ததும் கூரையைப் பார்க்கவில்லை. முதலில் பதிவேட்டைத்தான் கேட்டார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். பக்கத்தில் நின்ற முதல்வரிடமும் காப்பாளரிடமும் காட்டினார். "பாருங்க, பதிமூணு வாரம், ஒரு வாரம் விடல. கையெழுத்தப் பாருங்க, அச்சடிச்ச மாதிரி. இந்தப் பையன் மாதிரி ரெண்டு பேர் இருந்தா நான் நிம்மதியா தூங்குவேன்."

அதன்பின் டார்ச்சை மேலே அடித்தார். வெளிச்சம் ஒன்றில் நின்றது, இரண்டில் நின்றது, மூன்றில் நின்று அசையவில்லை.

"இது எப்ப உடைஞ்சுது?"

அவரே பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

"நேத்துகூட நல்லா இருந்ததுன்னு எழுதியிருக்கியே?"

"ஆமா சார்."

"அப்ப ஒரே ராத்திரியில உடைஞ்சிருக்கு." அவர் குரல் மாறிவிட்டது. முதல்வர் சட்டென்று வளைவுக்கு அடியிலிருந்து நகர்ந்தார்.

சுவரோரம் நின்ற கொத்தனார் முன்னால் வந்தார். "ஐயா, அது ஏணி பட்டு ஒடஞ்சிதுங்க. நேத்து. எங்கண்ணால பாத்தேன்."

பெரிய பொறியாளர் என்னைப் பார்த்தார். "ஏணியா?"

"இல்ல சார்" என்றேன்.

கொத்தனார் என்னை நம்பிக்கையோடுதான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைத்தவர்போல் இன்னும் கொஞ்சம் சத்தமாக, "சார், ஏணி சார். சாக்கு எடுக்கப் போனன்ல?" என்றார்.

"இவன் கட்டினது. அதான் மறைக்கப் பாக்கறான்" என்றார் பெரிய பொறியாளர், கோபம்கூட இல்லாமல். படித்தவனின் பதிவேடு ஒரு பக்கம், கரண்டி பிடிக்கிறவனின் வாய் இன்னொரு பக்கம். யாரை நம்புவது என்று அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. அவர் யோசிக்கமாட்டார் என்பது தெரிந்துதான் நான் அந்த இரண்டு சொற்களைச் சொன்னேன்.

அப்போது கொத்தனார் ஒரு காரியம் செய்தார். நேராகப் போய் மூன்றாவது வளைவுக்கு நட்டநடுவில் நின்றார். கையைக் கட்டிக்கொண்டார். "உழுவுதா பாக்கலாம். உழட்டும். நான் நிக்கிறேன்" என்றார். காப்பாளரும் இரண்டு காவலாளிகளும் சேர்ந்து இழுத்தும் நகரவில்லை. கடைசியில் அவர் மனைவியை வரவழைத்தார்கள். வளைவுக்கு வெளியே நின்று அந்த அம்மா கூப்பிட்டார். அவர் அழவில்லை. "வாய்யா, வூட்டுக்குப் போவலாம்" என்றார். அதற்குத்தான் கொத்தனார் நகர்ந்தார்.

கூடம் அன்றே மூடப்பட்டது. மூன்றாவது வளைவை இடித்துவிட்டுக் கம்பி கட்டித் தட்டையாகத் தளம் போட முடிவானது. தானாக விழும் என்று சொன்ன வளைவை இடிக்க ஆறு ஆட்களுக்கு ஒன்பது நாள் ஆனது. சம்மட்டி பட்டுத் தெறித்துத் திரும்பியது. மேற்பார்வை நான். முதல் நாளே உள்பூச்சு உதிர்ந்து விழுந்தபோது பார்த்தேன். விரிசல் பூச்சோடு முடிந்திருந்தது, நகக்கண் ஆழம்கூட இல்லை. அடியில் கற்கள் ஒரு கீறலும் இல்லாமல் சிவப்பாக நின்றன. விரிசலோடு விழுந்த பூச்சுத் துண்டைக் காலால் இடிபாட்டுக்குள் தள்ளிவிட்டேன்.

பட்டியலில் இருந்த மற்ற இருவரும் நிரந்தரமானார்கள். இவர் பெயரை அடித்துவிட்டார்கள். அடுத்த மாதம் ஒப்பந்த வேலையிலிருந்தும் நிறுத்தினார்கள். நான் நிரந்தரமானேன். சில ஆண்டுகளில் வேறு வேலைக்கு மாறினாலும் இதே நகரியத்தில் குவார்ட்டர்ஸில் வாழ்ந்து, பிள்ளைகளை வளர்த்து, ஓய்வுபெற்று, வெளியே ஒரு வீடு கட்டிக்கொண்டேன். விடுதி இருக்கும் சாலையில் போகாமல் இருப்பதற்குச் சுற்றுவழி ஒன்று வைத்திருந்தேன். கொத்தனாரைத் தேடியதே இல்லை.

சென்ற ஆண்டு ஒரு நாள் காலை, கல்லூரியிலிருந்து இளம் பொறியாளர் ஒரு பெண் என் வீட்டுக்கு வந்தார். விடுதியை இடிக்கலாமா வைத்துக்கொள்ளலாமா என்று ஆய்வு நடக்கிறதாம். பழைய ஆட்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

"சார், இது உங்க கையெழுத்துதானே?" என்று ஒரு நகலை நீட்டினார். பதிவேட்டின் கடைசிப் பக்கம்; அடியில், மூன்றாவது கண்ணாடி மறுநாள் உடைந்திருந்ததாகப் பெரிய பொறியாளரின் குறிப்பு. "எவ்வளவு நீட்டா எழுதியிருக்கீங்க சார்! எங்களுக்குக் கிடைச்ச ஒரே பழைய ரெக்கார்டு இதுதான்."

"இத வெச்சு என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?"

"மூணாவது வளைவு ஒரே ராத்திரியில அசைஞ்சிருக்கு. மத்த நாலும் அதே ஆளுங்க, அதே காரை. நம்ப முடியாது சார். இடிக்கத்தான் எழுதப் போறோம். பாக்க அழகா இருக்கு, மனசு வரல. ஆனா உங்க ரெக்கார்டு இருக்கே."

ஒரு நாள் அவகாசம் கேட்டு அனுப்பிவைத்தேன். அன்று மாலைக்குள் இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். பதின்மூன்று வாரமும் நான் பார்க்காமல் எழுதியது, ஏணி, "இல்ல சார்", பூச்சோடு நின்ற விரிசல், ஒன்றும் விடாமல். ஒரு பிரதியைக் கல்லூரியில் கொடுத்தேன். படித்துவிட்டு அந்தப் பெண் இரண்டு தாள்களையும் ஒன்றாக அடுக்கினார். பிறகு, "சரி சார், ஃபைல்ல சேத்துடறேன்" என்றார். முதல்முறை கூப்பிட்ட 'சார்' வேறு, இந்த 'சார்' வேறு.

இன்னொரு பிரதியை எடுத்துக்கொண்டு கம்மாபுரம் பக்கம் போனேன். ஊர் டீக்கடையில் கொத்தனார் பெயரைச் சொல்லிக் கேட்டேன். யாருக்கும் புரியவில்லை. "வயசானவர். ஹாஸ்டல்ல வளைவுக் கூரை கட்டினவர்" என்றேன்.

"அட, விரிசல் வூடா!" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர். "விரிசலாரத் தேடறன்னு மொதல்லியே சொல்றதில்லியா? மூணாவது தெரு, கோடி வூடு."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஊரில் அவர் பெயர் விரிசல். அவர் வீடு விரிசல் வூடு. பிள்ளைகள் விரிசல் மவன், விரிசல் மவ. நாற்பத்தாறு ஆண்டுகளாக.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண் நன்றாகத் தெரிந்தது. முழங்கால்தான் மடங்கவில்லை. மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருடமாம். நான் யாரென்று சொல்லத் தொடங்கியதும் கையமர்த்தினார்.

"ஏணி சாரு தான?"

தலையாட்டினேன்.

"எம்மா, ஏணி சாரு வந்துகிறாரு பாரு" என்று உள்ளே குரல் கொடுத்தார். மகள் எட்டிப் பார்த்தார். அந்த வீட்டில் எனக்கும் ஒரு பெயர் இருந்திருக்கிறது. மகளுக்கு அது தெரிந்திருந்தது. டீ கொண்டுவந்து வைத்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

கடிதத்தைப் படித்துக் காட்டினேன். முடித்ததும் மன்னிப்புக் கேட்டேன்.

"அன்னிக்கி ஏன் அப்படி சொன்னீங்க?" என்றார்.

"என் வேலை போயிடும்னு பயம்."

"போயிருக்குமா?"

யோசித்தேன். "போயிருக்காது. திட்டியிருப்பாங்க."

அவர் தெருப் பக்கம் திரும்பினார். "திட்டு வாங்க பயந்துகினு…" என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டுவிட்டார். நான் இடித்த கூரையைவிட அந்த முடியாத வாக்கியம்தான் இப்போதெல்லாம் எனக்குக் கனமாக இருக்கிறது.

பிறகு கைத்தடியை எடுத்தார். "இத எங்கிட்ட படிச்சி என்னா ஆவப்போவுது? எனக்குத்தான் தெரியுமே. வாங்க, டீக்கடைல வந்து படிங்க."

போனோம். பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். நின்றபடி, முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். பாதிப் பேருக்கு அது எந்தக் கட்டடம் என்றே தெரியவில்லை. அவருக்குப் பங்காளி முறையாகும் ஒரு கிழவர் மட்டும் பெஞ்சிலிருந்து எழுந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப விரிசலு இவுரு இல்லியா?"

"இல்லைங்க. கூரையில விரிசலே இல்ல."

"அப்ப நீதான் விரிசலு!" என்றார். கடை முழுக்கச் சிரித்தது. கொத்தனாரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "ஏ பங்காளி, எங்கூட்டுக்காரி இருக்கும்போது இத கேட்டிருக்கணும்டா" என்றார்.

கல்லூரியில் என் கடிதத்தைப் பதிவேட்டோடு சேர்த்துத் தைத்தார்கள். பழைய பதிவை நீக்க விதியில்லையாம். என் பொய்யும் அதன் திருத்தமும் ஒரே கோப்பில் இருக்கும். மீதி நான்கு வளைவுகளிலும் புதிதாகக் கண்ணாடி ஒட்டினார்கள். திங்கட்கிழமைகளில் பார்க்கும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது மூங்கில் ஏணி இல்லை. சக்கரம் வைத்த இரும்புப் படி. ஒவ்வொரு படியாகப் பிடித்து ஏறி, கண்ணாடியை விரலால் தொட்டுப் பார்த்து, இறங்கி வந்த பிறகுதான் எழுதினேன். பதின்மூன்று வாரம். நான்கும் உடையவில்லை. இடிக்கும் யோசனையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

கடைசித் திங்கட்கிழமைக்குக் கொத்தனாரை ஆட்டோ வைத்து அழைத்துப் போனேன். இடிபட்ட நாளுக்குப் பிறகு அவர் அந்தக் கூடத்துக்குள் வருவது அதுதான் முதல் தடவை. நான்கு வளைவுகளையும் அண்ணாந்து பார்த்தபடி மெதுவாக நடந்தார். மூன்றாவது இடத்தில் எங்கள் தட்டைத் தளம். அதில் பெரிய ஈரக் கறை, தரையில் ஒரு வாளி.

"ஒழுவுதுங்களா?"

"ஒவ்வொரு மழைக்கும்."

"மத்த நாலு?"

"ஒரு சொட்டு இல்ல."

"ஒழுவட்டும்" என்றார். வாளியைத் தாண்டிப் போய் நான்காவது வளைவுக்கு அடியில் கொஞ்ச நேரம் நின்றார்.

இந்தத் தை மாதம் அவரும் மகளும் தாம்பூலத் தட்டோடு என் வீட்டுக்கு வந்தார்கள். பேத்தி கல்யாணம். பத்திரிகையைப் பிரித்தேன். அவர் பெயருக்கு முன்னால் கொட்டை எழுத்தில் 'விரிசல்' என்று அச்சாகியிருந்தது.

"இன்னுமா இது?" என்றேன்.

"ஊர்ல எம்பேர்ல நாலு பேரு கீறான் சார். இத எடுத்துட்டா யாரூட்டுக் கல்யாணம்னு கேப்பானுங்க. நாப்பத்தாறு வருசத்துப் பேரு. ஒரு டீ ஆறுற நேரத்துல நீங்க படிச்சிட்டா போயிடுங்களா?" கோபமாகச் சொல்லவில்லை. விலாசம் சொல்வதுபோல் சொன்னார். மகள் பத்திரிகையை என் கையிலிருந்து வாங்கி, மஞ்சள் தடவிய முனையைச் சரிசெய்து, திரும்ப என்னிடம் கொடுத்தார்.

கல்யாணத்துக்குப் போனேன். பந்தலில் இடமில்லாமல் ஓரமாக நின்றேன். பந்தியில் உட்கார்ந்திருந்த ஒருவர், "சாரு யாரு? மாப்ள வூட்டு ஆளா?" என்று கேட்டார். நாற்காலியில் இருந்த கொத்தனார், நாலு பேர் காதில் விழும்படி சொன்னார்:

"இல்ல, நம்மூட்டு ஆளுதான். ஏணி சாரு. கண்ணாடிய ஒடச்சவரு."

கேட்டவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். நான் உட்கார்ந்தேன். யாரோ வந்து என் முன்னால் இலை போட்டார்கள்.